லிஃப்ட் போட்ட பிறகு வண்டி அதிர்கிறது. அவசரம், சனிக்கிழமை பாறை ஏறப் போகிறோம்

உருளைக்கல் · செவ்வாய், இரவு 10:40
எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டேன். அதிலிருந்து வண்டி ஓடும்போது கடுமையாக அதிர்கிறது. அலைன்மென்ட் பார்த்தாயிற்று. டயர் பேலன்ஸ் இரண்டு முறை செய்தாயிற்று. ஒன்றும் மாறவில்லை. சனிக்கிழமை நண்பர்களோடு பாறை ஏறப் போகிறேன், அதற்குள் சரியாக வேண்டும். என்னவாக இருக்கும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

சேற்றுக்குதிரை · 10:52
எந்த வண்டி?

மண்சட்டி · 10:58
எத்தனை இஞ்ச் லிஃப்ட், என்ன டயர், எந்த வேகத்தில் அதிர்கிறது? கடுமையாக என்றால் ஸ்டீயரிங்கிலா, சீட்டுக்கு அடியிலா? ஆக்ஸிலரேட்டரை விட்டால் குறைகிறதா?

வின்ச்_வீரன் · 11:05
டயர்தான், சந்தேகமே வேண்டாம். மட் டயர் போட்ட யாரும் ரிம்மின் உட்பக்கத்தைப் பார்ப்பதில்லை. என் வண்டியில் ஒருமுறை ஒரு கைப்பிடி சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. ஸ்க்ரூட்ரைவரால் சுரண்டி எடுத்தேன், அதிர்வு போய்விட்டது. நாலு ரிம்மையும் உட்பக்கம் கழுவிவிட்டு வந்து சொல்லுங்கள்.

அச்சாணி · 11:31
மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வருகிறது. "வண்டி அதிர்கிறது" என்று மட்டும் எழுதினால் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது? டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவீர்களா? வண்டி, வருடம், கியர்பாக்ஸ், லிஃப்ட் உயரம், டயர் அளவு, கிரவுன் விகிதம் (ஆக்ஸிலுக்குள் இருக்கும் கியர் விகிதம்), லிஃப்ட்டோடு வேறு எதை மாற்றினீர்கள், இத்தனையும் எழுதுங்கள். அப்புறம் பேசலாம்.

டார்க்_தம்பி · 11:44
அண்ணே, இது டெத் வாபிள், முன் சக்கரமும் ஸ்டீயரிங்கும் கட்டுக்கடங்காமல் ஆடுகிற நோய். லிஃப்ட் போட்டால் காஸ்டர் கோணம் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்துவிடும். முன் டிராக் பார் போல்ட், டை ராட் எண்டு, எல்லாவற்றையும் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஒருவரை ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லி, நீங்கள் கீழே குனிந்து டிராக் பார் முனையில் விரலை வைத்தால் ஆட்டம் கையிலேயே தெரியும். ஸ்டீயரிங் டேம்பரை மட்டும் மாற்றி ஏமாறாதீர்கள். அது நோயை மூடி வைக்கும், அவ்வளவுதான்.

உருளைக்கல் · புதன், காலை 7:15
மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். ஜீப் டிஜே, 1998, 4.0 இன்ஜின், 5 கியர் மேனுவல். 4 இஞ்ச் லிஃப்ட், 33 டயர். சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி 60, 70இல் உச்சத்துக்குப் போகிறது. ஸ்டீயரிங் ஆடவே இல்லை. சீட்டுக்கு அடியில்தான். கியர் லீவரில் கை வைத்தால் கை மரத்துப்போகிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டால் கொஞ்சம் குறைகிறது.

கொடுக்காய் · 7:40
எனக்கும் இதே பிரச்சினை. என்னுடையது ஜிம்னி, ஸ்டீயரிங் மட்டும்தான் ஆடுகிறது. என்ன செய்ய?

மண்சட்டி · 7:48
கொடுக்காய், அது வேறு நோய். டார்க்_தம்பி சொன்னது உங்களுக்குத்தான் பொருந்தும். தனி இழை போடுங்கள், இங்கே கலக்க வேண்டாம்.

வின்ச்_வீரன் · 8:02
ரிம்மைக் கழுவினீர்களா?

அச்சாணி · 8:30
இப்போதுதான் தகவல் என்று ஏதோ வந்திருக்கிறது. கிரவுன் விகிதம் இன்னும் வரவில்லை, 33 டயருக்கு 4.56 போட்டிருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரு கணக்கு போடுவோம். 33 இஞ்ச் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.6 மீட்டர் உருளும். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு ஆயிரம் மீட்டர், அதாவது 380 சுற்று. நொடிக்கு ஆறு சொச்சம். டயரில் கோளாறு என்றால் வண்டி நொடிக்கு ஆறு தடவை குலுங்கும், தொட்டிலை ஆட்டுவது மாதிரி. ஆக்ஸிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் அதைப்போல 4.56 மடங்கு சுற்றும், நொடிக்கு 29. ஷாஃப்ட் முனையில் மடிந்து சுற்ற விடும் யூனிவர்சல் ஜாயின்ட் கோணத்தில் வேலை செய்யும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். ஆக நொடிக்கு 58. கை மரத்துப்போவது 58இல்தான் வரும், ஆறில் வராது. வின்ச்_வீரன் இனிமேல் ரிம்மை விட்டுவிடலாம்.

வின்ச்_வீரன் · 8:41
கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. என் வண்டியில் சேறுதான் இருந்தது.

சேற்றுக்குதிரை · 9:10
டிஜே என்றால் எளிதாகச் சொல்லிவிடலாம். பின் ஷாஃப்ட் குட்டையானது. முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் அது ஸ்லிப் யோக்கில், அதாவது போல்ட் இல்லாத வழுக்கு முனையில், செருகியிருக்கும். வண்டியை 4 இஞ்ச் தூக்கினால் அந்தக் குட்டை ஷாஃப்ட் செங்குத்தாக நிற்காத குறைதான். டிரான்ஸ்ஃபர் கேஸ் டிராப் கிட் போடுங்கள். கிராஸ்மெம்பருக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு இஞ்ச் ஸ்பேசர், அரைமணி வேலை. கோணம் குறையும், அதிர்வும் குறையும்.

நாலாம்கால் · 9:26
பாறை ஏறப் போகிறவருக்கு இதையா சொல்வது? டிஜேயில் பாறையில் முதலில் உட்காருவது நடுவயிறுதான். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கீழே இருக்கும் அந்தப் பிளேட். 4 இஞ்ச் ஏற்றிவிட்டு அங்கேயே ஒரு இஞ்ச் இறக்கச் சொல்கிறீர்கள். சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்குச் சரி, இவருக்கு வேண்டாம். ஸ்லிப் யோக்கை எடுத்துவிட்டு எஸ்ஒய்இ (அதற்குப் பதிலாக போல்ட்டில் மாட்டும் முனை) போட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை ஜாயின்ட் உள்ள சிவி ஷாஃப்ட் போடுவதுதான் வழி. அதைப் போட்டால் வயிற்றை மேலே ஏற்றக்கூட இடம் கிடைக்கும்.

டார்க்_தம்பி · 9:45
முதலில் பின் ஷாஃப்ட்தானா என்று உறுதி செய்யுங்கள் அண்ணே. பின் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு 4 ஹையில் (நாலு சக்கர இழுவையில்) போட்டு முன் சக்கரத்தில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பின்னால் இணைப்பே இல்லாததால் தார்ச்சாலையிலும் ஒன்றும் இறுகாது. அதிர்வு போய்விட்டால் குற்றவாளி பிடிபட்டான்.

மண்சட்டி · 9:52
நில்லுங்கள்! ஸ்லிப் யோக் வண்டியில் அப்படிக் கழற்றிவிட்டு ஓட்டக்கூடாது. அந்த யோக்தான் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. ஷாஃப்ட்டை உருவி எடுத்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். வந்த வழி முழுக்கச் சிவப்புக் கோடு, வாசலில் ஒரு சிவப்புக் குளம். பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று பதறி ஓடிவந்தார். ஏடிஎஃப் ஆயில். டிரான்ஸ்ஃபர் கேஸ் காலியாகிவிட்டது.

உருளைக்கல் · மதியம் 1:20
நீங்கள் சொல்வதற்கு முன்பே கழற்றிவிட்டேன். ஆனால் ஆயில் எதுவும் வரவில்லை. இரண்டு முனையும் போல்ட்டில்தான் இருந்தன, எதையும் உருவவில்லை. முன் சக்கரத்தில் ஓட்டினேன். அதிர்வு சுத்தமாக இல்லை.

அச்சாணி · 1:34
இரண்டு முனையும் போல்ட்டா? அப்படியென்றால் உங்கள் வண்டியில் ஏற்கெனவே எஸ்ஒய்இ இருக்கிறது. காலையிலிருந்து ஐந்து பேர் இல்லாத ஸ்லிப் யோக்குக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஷாஃப்ட்டைக் கையில்தானே வைத்திருக்கிறீர்கள்? டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் எத்தனை கிராஸ், அதாவது யூனிவர்சல் ஜாயின்ட்?

உருளைக்கல் · 1:41
இரண்டு. மறுமுனையில் ஒன்று. அதெல்லாம் கிட்டோடு வந்ததுதான். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று எழுதவில்லை. கிரவுன் 4.56தான், மாற்றி இரண்டு வருடம் ஆயிற்று. லிஃப்ட் 3 இஞ்ச் ஸ்பிரிங், 1 இஞ்ச் ஸ்பேசர். பின்னால் ஆக்ஸிலைப் பிடிக்கும் மேல் ஆர்ம் இரண்டும் அட்ஜஸ்டபிள்.

மண்சட்டி · 1:50
எல்லோருக்கும் தெரிந்தது! சரி, விடுங்கள் அச்சாணி, பாவம். உருளைக்கல், சமதளத்தில் நாலு டயரும் தரையில் நிற்க, இரண்டு கோணம் அளந்து சொல்லுங்கள். ஷாஃப்ட் குழாயின் சாய்வு ஒன்று, ஷாஃப்ட் வந்து சேரும் பின் ஆக்ஸில் பினியனின் சாய்வு ஒன்று. ஃபோனில் இருக்கும் மட்டக்கருவியே போதும். ஷாஃப்ட்டை மாட்டிவிட்டு அளக்கவும்.

நாலாம்கால் · 2:15
அவர் அளந்து வருவதற்குள் ஒன்று கேட்கிறேன். 33 டயருக்கு 4 இஞ்ச் லிஃப்ட் எதற்கு? பாறைக்கு உயரம் எதிரி. பக்கச் சாய்வில் வண்டி கவிழ்வது உயரத்தால்தான். ஃபெண்டரை வெட்டி, பம்ப் ஸ்டாப் சரியாக வைத்தால் அதைவிடத் தாழ்வாகவே 33 ஓடும்.

வின்ச்_வீரன் · 2:24
வெட்டுவதா? சொந்த வண்டியை வெட்ட யாருக்கு மனம் வரும்? ஒரு ஆக்ஸிலின் இரண்டு சக்கரத்தையும் சேர்த்தே சுற்ற வைக்கும் லாக்கர் போட்டால் போதும், மற்றதெல்லாம் அலங்காரம்.

நாலாம்கால் · 2:33
அந்த வருட டிஜேயில் பின்னால் பெரும்பாலும் டானா 35 ஆக்ஸில். கிரவுன் 7.56 இஞ்ச், ஷாஃப்ட் முனையில் 27 ஸ்ப்ளைன் (பல்), அதைப் பிடித்து நிறுத்துவது ஒரு சி கிளிப். 33 டயரோடு லாக்கரும் போட்டுக் கல்லிடுக்கில் மிதித்தால் உடைவது ஆக்ஸில் ஷாஃப்ட். கிளிப்புக்கு வெளியே உடைந்தால் சக்கரம் ஷாஃப்ட்டோடு வெளியே நழுவி வரும். டானா 44 வேறு கதை, 30 ஸ்ப்ளைன். லாக்கர் போடச் சொல்வதற்கு முன் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டாமா?

டார்க்_தம்பி · 2:50
லாக்கரை விடுங்கள், அவருக்கு முதலில் வேண்டியது கிரால் ரேஷியோ, மெதுவாக ஊர்ந்து ஏறுவதற்கான மொத்த கியர் விகிதம். 98 மாடலில் ஏஎக்ஸ்15 கியர்பாக்ஸ், முதல் கியர் 3.83. டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ 2.72. கிரவுன் 4.56. பெருக்கினால் 47.5. 2003இல் வந்த டிஜே ருபிகானில் லோ 4:1, முதல் கியர் 4.01, கிரவுன் 4.10, பெருக்கினால் 65.8. வித்தியாசம் காலில் தெரியும். 47இல் நான் கிளட்ச்சை மிதித்து மிதித்து வாசனை கிளப்பியிருக்கிறேன்.

நாலாம்கால் · 3:08
கிளட்ச் மேல் கால் ஏன் போகிறது? கல்லில் ஏறும்போது கிளட்ச்சை முழுதாக விட்டுவிட்டு ஐடிலில் நடக்க விட வேண்டும். நான் 40 சொச்சத்தில்தான் ஓட்டுகிறேன். டயர் 14 பிஎஸ்ஐ. அதற்குக் கீழே பீட்லாக் (டயர் விளிம்பை ரிம்மோடு இறுக்கிப் பிடிப்பது) இல்லாமல் போக எனக்குத் தைரியம் இல்லை. கல்லின் விளிம்பில் முன் இடது டயர் ஏறும்போது பக்கச்சுவர் மடங்கி, ரப்பர் விளிம்பைக் கவ்விப் பிடிப்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு நொடி வண்டி யோசிக்கிற மாதிரி நிற்கும். அப்போது மிதிக்காமல் இருந்தால் தானாக ஏறும். மிதித்தால் டயர் துள்ளும், எங்கேயாவது எதுவாவது உடையும்.

வின்ச்_வீரன் · 3:15
முன் சக்கரம் ஒன்றும் பின் சக்கரம் ஒன்றும் அந்தரத்தில் தொங்கினால் உங்கள் பொறுமை ஏற்றிவிடுமா? ஓப்பன் டிஃப்பரன்ஷியல் காற்றில் இருக்கிற சக்கரத்தைத்தான் சுற்றும். லாக்கர் வேண்டும் என்றால் வேண்டும்.

நாலாம்கால் · 3:19
தொங்கும் பாதையில் ஏன் போகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

சேற்றுக்குதிரை · 3:22
ஆரம்பித்துவிட்டார்கள்.

உருளைக்கல் · மாலை 6:05
ஷாஃப்ட் 18 டிகிரி. பினியன் 6 டிகிரி, மேல்நோக்கி. டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளிமுனையும் பினியனும் இணையாக இருக்க வேண்டும், இருக்கிறது என்று பொருத்தியவர் சொன்னார்.

அச்சாணி · 6:20
அதுதான் கோளாறு. இணை விதி பழைய ஷாஃப்ட்டுக்கு. இரு முனையிலும் ஒவ்வொரு கிராஸ் இருந்தால், ஒன்று உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மற்றது சம கோணத்தில் நின்று ரத்து செய்யும். அதற்காகத்தான் இணை. உங்கள் சிவி முனையில் இருக்கும் இரண்டு கிராஸும் தங்களுக்குள்ளேயே ரத்து செய்துகொள்கின்றன. மிச்சம் இருப்பது பினியன் பக்கத்து ஒற்றை கிராஸ். அது 12 டிகிரி மடிந்து நிற்கிறது, அதை ரத்து செய்ய ஆள் இல்லை. பினியன் நேராக ஷாஃப்ட்டைப் பார்த்து நிற்க வேண்டும். இழுவையில் ஆக்ஸில் கொஞ்சம் மேல்நோக்கித் திருகும், அதனால் ஷாஃப்ட்டைவிட ஒன்று அல்லது இரண்டு டிகிரி தாழ்த்தி வையுங்கள்.

கேள்வியை ஒழுங்காகக் கேட்டிருந்தால் நேற்று இரவே முடிந்திருக்கும்.

மண்சட்டி · 6:38
உருளைக்கல், பின் மேல் ஆர்ம் இரண்டையும் சம அளவில் நீட்டுங்கள். ஆக்ஸிலின் தலை பின்னால் போகும், பினியன் மூக்கு நிமிரும். அது நிமிர நிமிர ஷாஃப்ட்டின் சாய்வும் கொஞ்சம் குறையும். 18தான் இலக்கு என்று ஒரேயடியாகத் திருகிவிடாமல் ஒவ்வொரு முறையும் இரண்டையும் அளங்கள். முடிந்ததும் ஜாம் நட்டை இறுக்குங்கள், ஆர்ம் போல்ட்டை வண்டி தரையில் நிற்கும்போது இறுக்குங்கள், இல்லையென்றால் புஷ் முறுக்கிக்கொண்டே இருக்கும். கிரவுன் ஆயில் அளவையும் பாருங்கள். பினியன் பேரிங் மேலே போய்விட்டது அல்லவா. ஹேண்ட்பிரேக் கேபிள் இழுபடுகிறதா என்றும் ஒரு பார்வை.

கொடுக்காய் · 7:02
தனி இழை போட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை.

டார்க்_தம்பி · வியாழன், இரவு 9:30
என்ன ஆயிற்று அண்ணே?

சேற்றுக்குதிரை · வெள்ளி, மாலை 5:12
ஆளைக் காணோம். ஆர்மைக் கழற்றிவிட்டு மாட்ட முடியாமல் உட்கார்ந்திருப்பார்.

உருளைக்கல் · வெள்ளி, இரவு 11:48
ஷாஃப்ட் 16.5, பினியன் 15. 80இல் ஓட்டிப் பார்த்தேன், அதிர்வு இல்லை. எல்லோருக்கும் நன்றி. விடியற்காலை கிளம்ப வேண்டும், தூங்கப் போகிறேன்.

நாலாம்கால் · 11:55
பின்னால் டானா 35ஆ 44ஆ என்று கடைசி வரை சொல்லவில்லையே? 35 என்றால் நாளைக்குக் கல்லிடுக்கில் மிதிக்காதீர்கள்.

வின்ச்_வீரன் · சனி, காலை 6:10
வந்ததும் ரிம்மை உட்பக்கம் கழுவிவிடுங்கள்.