பழனிக்குத் தைப்பூச நடை: நம்ம வீட்டு குரூப்

*செவ்வாய்*

தம்பி (காலை 4:10): குன்றக்குடி மலையடியில தேங்காய் உடைச்சுட்டு கிளம்பியாச்சு. ரோடு பூரா பச்சை வேட்டிதான்

அம்மா: முருகா. ஓரமாப் போப்பா. பையில ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுனியா?

தம்பி: ஒட்டிட்டேம்மா

மாமா: கால்ல என்ன?

தம்பி: ஷூ மாமா. நேத்துதான் வாங்குனேன்

மாமா: போச்சு

சித்தி: கிளம்பும்போதே ஏன் மாமா பயமுறுத்துறீங்க

மாமா: 14 வருசம் நடந்தவன் சொல்றேன். சிங்கம்புணரியில அவனே சொல்லுவான்

*புதன்*

தம்பி (பகல் 12:40): சிங்கம்புணரி
தம்பி: (போட்டோ)

அம்மா: ஐயோ குதிகாலா இது

மாமா: ஷூவைக் கழட்டிப் பையில போடு. செருப்பு போதும். கொப்புளத்தை உரிச்சுறாதே, ஊசியில நூலைக் கோத்து குறுக்க விட்டு நூலை அப்படியே விட்டுரு, தண்ணி வடிஞ்சுரும்

அக்கா: மாமா சும்மா இருங்க. சீழ் வச்சுரும். டேய், உடைக்காதே, மேல துணி வச்சு ஒட்டு

மாமா: நர்சம்மா வந்துட்டாக

தம்பி: ரெண்டு பேரும் லேட். இங்க ஒரு சாமி ஊசியோட வந்து என் காலைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாரு

அக்கா: ஊசியைச் சுட்டாரா???

தம்பி: சுட்டாரு சுட்டாரு

அக்கா: அப்பத்தா சொல்றாக, டைப் பண்றேன்: "வழியில குடுக்குறதை எல்லாம் வாங்கித் திங்காதே. சுக்குக் காப்பி மட்டும் குடி. வயிறு போனா கால் போன மாதிரி"

தம்பி: ஏற்கனவே மூணு இடத்துல புளியோதரை

*வியாழன்*

தம்பி (இரவு 9:25): நத்தம். ஒரு மண்டபத்துல தரையில இடம். பை கனம் தாங்கல, தோள்பட்டை இத்துப்போச்சு

மாமா: இடும்பன் ரெண்டு மலையைக் காவடி கட்டித் தூக்குனான். உனக்கு ஒரு பை கனமா?

மாமா: நெற்குப்பைச் செட்டியார் ஒருத்தர் உப்பு வியாபாரத்துக்குப் பழனிக்குப் போனதுதான் நகரத்தார் நடைக்கே ஆரம்பம்னு சொல்லுவாக. 400 வருசம் ஆச்சாம். உப்பு மூட்டை தெரியுமா எவ்வளவு கனம்

தம்பி: அவர் மாட்டு மேல ஏத்தியிருப்பாரு மாமா

சித்தி: 😂😂

மாமா: தூங்கு. 2 மணிக்கு எந்திரிச்சு நட. வெயில் ஏறுனதும் புளியமரத்தடியில படு

*வெள்ளி*

அப்பா (காலை 10:05): லொகேஷன் பாத்துக்கிட்டே இருக்கேன். சாணார்பட்டியிலேருந்து திண்டுக்கல்லுக்கு அரை மணி நேரம். ஓடுனியா?

அப்பா: தம்பி?

சித்தி: டவர் கோளாறா இருக்கும் அத்தான்

தம்பி (11:50): ஒரு அண்ணன் பைக்ல வந்தாரு. ஏறிக்க சாமின்னாரு. கால் ஊன முடியலப்பா. ஏறிட்டேன்

மாமா: மாலையோடவா

தம்பி: ஆமா

மாமா: வேண்டுதல் நடைன்னா நடைதான். நகரத்தார் காவடி திரும்பி வரும்போதும் நடந்தே வருது. நீ போறதுக்கே பைக்கு

அம்மா: விடுங்கண்ணே. புள்ளை கால் எப்படி இருக்குன்னு கேளுங்க முதல்ல

அக்கா: அப்பத்தா: "அவனை ஒண்ணும் சொல்லாதீக. உங்க ஐயாவும் ஒரு வருசம் கோபால்பட்டியில வைக்கோல் வண்டியில ஏறிட்டாக"

மாமா: என்னது!!

அப்பா: எனக்கே இது தெரியாது

அக்கா: அப்பத்தா: "யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னாக. இனிமே என்ன. மலைக்குப் போனதும் கிரிவலம் ரெண்டு சுத்து கூடச் சுத்திட்டு வந்தாக. நீயும் சுத்திரு"

*ஞாயிறு*

தம்பி (காலை 6:30): ஆயக்குடி. கொய்யாப்பழம் வாங்கிட்டு நிமிந்தா எதுத்தாப்புல மலை. (போட்டோ)

அம்மா: அரோகரா 🙏🙏

அப்பா: 🙏

தம்பி (பகல் 2:15): சாமி பாத்தாச்சு. அப்பத்தா மஞ்சத்துணியில முடிஞ்சு குடுத்த காசையும் உண்டியல்ல போட்டுட்டேன். படி இறங்குறப்பத்தான் உயிர் போச்சு

மாமா: கிரிவலம்?

தம்பி: ஒரு சுத்து எவ்வளவு தூரம் மாமா

மாமா: ரெண்டரை கிலோமீட்டர் வரும். நீ பைக்ல போன தூரத்துக்கு ரெண்டு சுத்து பத்தாது

தம்பி: அப்பத்தா கணக்கே இருக்கட்டும்

தம்பி (மாலை 4:50): சுத்திட்டேன். பஸ்ல ஏறியாச்சு

அப்பா: சீட்டு கெடச்சுச்சா?

தம்பி: கெடச்சுச்சுப்பா. காலை மடக்க முடியல, நின்னுக்கிட்டே வர்றேன்

அக்கா: அப்பத்தா கேக்குறாக, பஞ்சாமிர்தம் எத்தனை டப்பா?