கால்சியம் ஸ்கோர் 112 என்றால் எவ்வளவு அடைப்பு?

முருகவேல்:
வயது 49. அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. எனக்கு எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 148. சர்க்கரை இல்லை, சிகரெட் இல்லை. டாக்டர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதினார். ஆயுள் முழுக்க மாத்திரையா என்று நான் தயங்கினேன். சரி, சிடி ஸ்கேனில் கால்சியம் ஸ்கோர், அதாவது இதயத் தமனிகளில் சுண்ணாம்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார். ரிப்போர்ட் வந்துவிட்டது: இதயத் தமனிகளில் எல்ஏடி என்பதில் 98, ஆர்சிஏ என்பதில் 14, மற்ற தமனிகளில் 0, மொத்தம் 112. டாக்டரைப் பார்க்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. 112 என்றால் முழு அடைப்பையும் தாண்டிவிட்டதா? நேராக ஆஞ்சியோ எடுத்துவிடலாமா? இப்போதெல்லாம் மாடிப்படி ஏறினால் பாதியில் நெஞ்சு இறுகுகிறது, நின்றுவிட்டுத்தான் ஏறுகிறேன். எடை கூடியதால் இருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது.

தேன்மொழி:
பயப்படாதீர்கள், அது சதவீதம் இல்லை. என் கணவருக்கு 0 வந்தது. ஆனாலும் சர்க்கரை இருப்பதால் ஸ்டாட்டினை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம்பரை மட்டும் வைத்து அவர்கள் முடிவு செய்வதில்லை.

சிடி அறை ரவி:
சிடி அறையில் வேலை பார்க்கிறேன். இந்த ஸ்கேனைத் தினமும் எடுப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் நெஞ்சில் ஈசிஜி ஒயர்களை ஒட்டி, மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள் அல்லவா? இதயம் துடிப்புக்கு நடுவே ஓய்வாக இருக்கும் நொடியில் படம் பிடிப்பதற்காகத்தான் அது. ஊசி மருந்து கிடையாது. படத்தில் தமனிச் சுவரில் படிந்த சுண்ணாம்பு எலும்பு மாதிரி வெள்ளையாகத் தெரியும். ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியின் பரப்பையும் அதன் அடர்த்திக்கு உரிய எண்ணால், 1 முதல் 4 வரை, பெருக்கிக் கூட்டினால் வருவதுதான் ஸ்கோர். 1990-இல் அகாட்ஸ்டன் குழு கொண்டுவந்த கணக்கு. அது ஆயிரத்தைத் தாண்டியும் போகும். குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அதில் தெரியாது. சுண்ணாம்பு ஏறாத மென்மையான கொழுப்புப் படிவும் தெரியாது.

அதற்காக 112-ஐ லேசாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். உங்கள் வயது ஆண்களில் முக்கால்வாசிப் பேரைவிட இது அதிகம். 2018 அமெரிக்க வழிகாட்டுதல்படி 100-ஐத் தொட்டாலே ஸ்டாட்டின் பக்கம்தான் தராசு சாயும். அப்பாவின் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால், மாத்திரை விஷயத்தில் இனித் தயங்க எதுவும் இல்லை என்பது என் எண்ணம். ஒன்று மட்டும்: மாத்திரை தொடங்கிய பிறகு ஸ்கோர் ஏறலாம். படிவு இறுகிக் கெட்டியாவதால் அப்படி ஆகும், மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. அதனால் வருஷா வருஷம் போய் எடுக்காதீர்கள்.

ஆனால் ஸ்கோரைவிட, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த மாடிப்படி வரிதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு வருங்கால அபாயத்தைக் கணிக்கத்தான் இந்த ஸ்கேன். நெஞ்சு இறுகுகிறவருக்குக் கேள்வியே வேறு. டாக்டரிடம் இதைச் சொன்னீர்களா?

முருகவேல்:
சொல்லவில்லை. அப்போது இவ்வளவு இல்லை. ஏறும்போது மட்டும்தான் வருகிறது, நின்றால் ஓரிரு நிமிடத்தில் போய்விடுகிறது.

சிடி அறை ரவி:
உழைத்தால் வருவதும் நின்றால் போவதும் ஆஞ்சைனாவின், அதாவது இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலியின், அசல் இலக்கணம். அதுதானா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் ஒரு வாரம் காத்திருக்காதீர்கள். காலையில் முதல் வேலையாகப் போன் செய்து, இங்கே எழுதிய அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். அதுவரை மாடி ஏற வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, நின்ற பிறகும் விடாமல் இருந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, தாடைக்கோ கைக்கோ வலி பரவினாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அநேகமாக சிடி ஆஞ்சியோ எழுதுவார்கள். காலில் அல்லது கையில் குழாய் விடும் ஆஞ்சியோ வேறு, இது வேறு. கை நரம்பில் அயோடின் மருந்து ஏற்றி எடுப்பது. துடிப்பு 60 பக்கம் இறங்கினால்தான் படம் தெளிவாக வரும், அதற்கு மாத்திரை கொடுப்பார்கள். கிட்னி கோளாறு, ஆஸ்துமா, பழைய மருந்து அலர்ஜி எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரை வைத்து நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வில், வழக்கமான கவனிப்போடு இந்த ஸ்கேனும் எடுத்தவர்களில் 5 ஆண்டுக்குள் மாரடைப்போ இதய நோய் மரணமோ நேர்ந்தது 2.3 சதவீதம் பேருக்கு. எடுக்காதவர்களில் 3.9 சதவீதம். படத்தில் நோயைக் கண்ணால் பார்த்ததும் தடுப்பு மருந்துகளைச் சரியாகத் தொடங்கியதுதான் இதற்குப் பெரிய காரணம் என்கிறார்கள்.

முருகவேல்:
மனைவியிடம் இப்போதுதான் சொன்னேன். காலைவரை எதற்கு என்று டாக்டரின் அவசர எண்ணுக்கு அவளே போன் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

சிடி அறை ரவி:
நல்லது. போகும்போது ரிப்போர்ட்டோடு ஸ்கேன் படங்கள் உள்ள சிடி தட்டையும் எடுத்துப் போங்கள், படத்தை அவர்களே பார்க்கட்டும்.