ஏசி போட்டால் கார்ப்பெட் நனைகிறது, பழைய ஃபோர் வீல் டிரைவ் – வடிகால் குழாய் அடைப்பா?

செம்மண்தடம்:
வணக்கம். என்னுடையது இருபது வருஷம் தாண்டிய ஃபோர் வீல் டிரைவ், டீசல். நாலு நாளாக ஏசி போட்டு ஓட்டினால் முன்சீட்டில் பக்கத்தில் உட்காருகிறவர் கால் வைக்கும் இடம் நனைந்துவிடுகிறது. முதலில் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். நேற்று ஒரு வளைவில் திரும்பும்போது டேஷ்போர்டுக்குள் குடத்துத் தண்ணீர் தளும்புகிற மாதிரி சத்தம், அடுத்த நொடி மனைவியின் காலில் ஒரு டம்ளர் அளவு தண்ணீர் கொட்டியது, அதுவும் சில்லென்று. மழை கிடையாது. போன வாரம் சேறும் சகதியுமான ஒரு பாதையில் போய், ஓடை ஒன்றைக் கடந்து வந்தேன், அதிலிருந்துதான் இந்தத் தொல்லை. காலையில் கதவைத் திறந்தால் ஈரத்துணியைச் சுருட்டி வைத்த வாடை, கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்திருக்கிறது. டேஷ்போர்டையே கழற்ற வேண்டும் என்று ஒரு மெக்கானிக் சொல்கிறார். கழற்றாமல் வழி உண்டா?

பழையஇரும்பு:
டேஷ்போர்டில் கை வைக்காதீர்கள், அதற்கு முன் அது என்ன தண்ணீர் என்று பாருங்கள். வெள்ளை டிஷ்யூ பேப்பரைக் கார்ப்பெட்டில் அழுத்தி எடுங்கள். நிறம் ஏறி, விரலில் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடை வந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட், வண்டிக்குள் சூடு தருகிற ஹீட்டர் கோர் ஒழுகுகிறது, அது வேறு கதை. ரேடியேட்டர் பக்கத்து டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், எஞ்சின் ஆறிய பிறகு மட்டும். மழை பெய்த மறுநாள் மட்டும் நனைந்தால் சன்ரூஃப் வடிகால், முன்கண்ணாடி ரப்பர், கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றைச் சந்தேகப்படலாம்.

செம்மண்தடம்:
பார்த்துவிட்டேன் அண்ணா. நிறம் இல்லை, வாடை இல்லை, சுத்தமான தண்ணீர். கூலன்ட் அளவு அப்படியே இருக்கிறது. ஏசி போடாமல் ஓட்டிய அன்று ஒரு சொட்டுக்கூட இல்லை.

மலைப்பாதை:
அப்படியானால் வடிகால் அடைப்புதான். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஈரக்காற்று பட்டுத் தண்ணீராகிறது, அது அடியில் ஒரு தட்டில் சேர்ந்து, ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். வெளியே வழி இல்லாவிட்டால் தட்டு நிரம்பி, நீங்கள் திரும்பும்போது விளிம்பைத் தாண்டிக் கொட்டுகிறது. உறுதியாகத் தெரிய வேண்டுமா, சமதரையில் நிறுத்தி, வெளிக்காற்று உள்ளே வருகிற மாதிரி வைத்து ஏசியைக் கால் மணி நேரம் ஓட விடுங்கள். திறந்த இடத்தில் நிறுத்துங்கள், ஷெட்டுக்குள் வேண்டாம். காற்றில் ஈரம் இருக்கிற நாளில் அடியில் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். தரை காய்ந்தே கிடந்தால் அடைப்பு.

குழாயின் வாய் பெரும்பாலும் கியர்பாக்ஸ் பக்கவாட்டிலோ, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டின் கீழ்ப்பக்கத்திலோ இருக்கும். சில வண்டிகளில் குழாய் நுனியில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் வாய் உண்டு, சேறு அதில்தான் புகுந்து காய்ந்து சிமென்ட் மாதிரி கட்டிக்கொள்கிறது. நிறுத்தியே வைத்த வண்டியில் குளவி மண்கூடு கட்டியும் பார்த்திருக்கிறேன். சைலன்சர் குழாய் பக்கத்திலேயே போகும், அது முழுக்க ஆறட்டும், சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள், வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள், கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடைப்பு விட்டதும் அழுக்குத் தண்ணீர் நேராக முகத்தில்தான் வரும்.

முதலில் ரப்பர் வாயை இரண்டு விரலால் அமுக்கி உருட்டுங்கள். பாதி அடைப்பு அதிலேயே உதிரும். அப்புறம் புல்வெட்டும் மெஷினில் போடுகிற நைலான் நரம்பு, இரண்டு மில்லிமீட்டர் கனம், நுனியைத் தீயில் காட்டி உருண்டையாக்கிக்கொண்டு மெதுவாகச் சுழற்றி ஏற்றுங்கள். இரும்புக் கம்பி மட்டும் வேண்டவே வேண்டாம். காயில் மெல்லிய அலுமினியம், ஒரு குத்து போதும், ஏசி கேஸ் மொத்தமும் வெளியே போய்விடும், அப்போது நிஜமாகவே டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியதுதான்.

ஈரக்காலணி:
இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், நான் செய்த தவறு இது. கம்ப்ரஸரில் கீழிருந்து காற்று அடித்தேன். அடைப்பு போனது உண்மைதான், ஆனால் அந்த வேகத்தில் குழாய் உள்ளே தட்டின் மூக்கிலிருந்து, அதாவது குழாயை மாட்டுகிற முனையிலிருந்து, கழன்றுவிட்டது, தண்ணீர் முன்பைவிட அதிகமாகக் கார்ப்பெட்டில் இறங்கியது, அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது. அடிக்காதீர்கள், உறிஞ்சுங்கள். தண்ணீரையும் இழுக்கிற வாக்யூம் கிளீனர் இருந்தால் அதன் வாயைக் குழாய் நுனியில் வைத்து, சுற்றி ஈரத்துணியால் இறுக்கி, அரை நிமிடம் விட்டு விட்டு இழுங்கள்.

செம்மண்தடம்:
இன்று காலை படுத்தேன். குழாய் வாயில் செங்கல் நிறத்தில் விரல் நீளத்துக்கு மண், உள்ளே இலை நரம்பும் கறுப்பு ஸ்பாஞ்சு துணுக்குகளும். வாக்யூமில் இழுத்ததும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் கறுப்புத் தண்ணீர். சந்தோஷமாக ஓட்டிப் பார்த்தேன், அடியில் நன்றாகச் சொட்டுகிறது. ஆனால் இடப்பக்கம் சாய்ந்த பாதையில் போனதும் மறுபடியும் கொஞ்சம் உள்ளே வந்தது. என்ன விட்டேன்?

மலைப்பாதை:
இன்னொரு குழாய் இருக்கும் தம்பி. இந்த மாதிரி வண்டிகள் பலவற்றில் தட்டுக்கு இரண்டு பக்கமும் வடிகால் வைத்திருப்பார்கள், காரணமே நீங்கள் சொன்னதுதான், சாய்ந்து ஓடும்போது எந்தப் பக்கம் தண்ணீர் சேர்கிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். கியர்பாக்ஸின் அந்தப் பக்கமும் அதே இடத்தில் பாருங்கள். வாய் சுத்தமாக இருந்தால் உள்ளே நடுக் கன்சோலின் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி, குழாய் தட்டின் மூக்கில் உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பின்சீட்டுக்குத் தனி ஏசி இருந்தால் அதற்கும் தனி வடிகால் உண்டு. கறுப்பு ஸ்பாஞ்சு என்றீர்களே, அது உள்ளே காற்றைத் திருப்புகிற மடல்களில் ஒட்டியிருக்கும் பட்டை, வயதானால் பொடிந்து விழும். ஆகவே இந்த அடைப்பு திரும்ப வரும், சேற்றில் இறங்கி வந்த ஒவ்வொரு முறையும் அடியைக் கழுவும்போது அந்த வாயையும் அமுக்கிவிடுங்கள்.

செம்மண்தடம்:
அதேதான் அண்ணா! இடப்பக்கக் குழாய் மூக்கிலிருந்து கழன்று கார்ப்பெட்டுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. ரப்பர் காய்ந்து வாய் விரிந்துவிட்டது, வெந்நீரில் முக்கி இளக்கி மாட்டி, சின்ன கிளிப் போட்டேன். இரண்டு மணி நேரம் ஓட்டியும் உள்ளே ஒரு சொட்டு இல்லை. கார்ப்பெட்டை வெயிலில் போட்டால் போதுமா?

பழையஇரும்பு:
மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் இருக்கும் ஸ்பாஞ்சு வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சீட்டைக் கழற்றி மொத்தமாகத் தூக்குங்கள். சீட்டுக்கு அடியில் ஏர்பேக் ஒயர் போனால் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் சிறிது நேரம் கழித்துத் தொடுங்கள். அடியில் போகிற ஒயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா, தகட்டில் துரு பிடித்திருக்கிறதா பார்த்து, துருவைச் சுரண்டி ப்ரைமர் அடித்த பிறகே கார்ப்பெட்டை விரியுங்கள்.