மேட்டு நிலத்தில் மண் கரைகிறது, வெட்டிவேர் நாற்று கிடைக்குமா?

வணக்கம் உறவுகளே. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் அப்பா விட்டுப்போன 3 ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை), சரிவான நிலம். 25 வயசு மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்தோம். களைக்கு மருந்தடித்துத் தரையை வெறுமையாக விட்டது எங்கள் தவறு. ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் குழம்பாக ஓடி லோங்காங்கை (வடிகாலை) அடைக்கிறது. நேற்று ஒரு கன்றின் வேர் விரல் நீளத்துக்கு வெளியே தெரிந்தது, வயிறு எரிகிறது.

பழைய மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்கினேன், போதவில்லை. வெட்டிவேர் 3 மீட்டர் வரை இறங்கி மண்ணைப் பிடிக்குமே! முக்குனா கொடியும் தரையை மூடி, தழைச்சத்து தரும். ஆனால் கன்று மேல் ஏறிவிடாமல் சுற்றி வெட்டிக்கொண்டே இருக்கணுமா?

பேராக்கில் வெட்டிவேர் நாற்று எங்கே கிடைக்கும்? நட்டுப் பார்த்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள். பெருமழைக்குள் ஒரு வரிசையாவது ஊன்றிவிட வேண்டும்.