2008 கொம்பைலரில் கட்டிய தராசு லைப்ரரியை பைத்தன் 3 உடன் இணைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையின் பில்லிங் மென்பொருளை பைத்தன் 2.7 இலிருந்து 3.11 க்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். தராசிலிருந்து எடையை வாசிக்கும் சி எக்ஸ்டென்ஷன்தான் (பைத்தன் கூப்பிடும், சி மொழியில் எழுதிய பகுதி) வழிக்கு வரமாட்டேன் என்கிறது.

தராசோடு தந்தது ஒரு ஸ்டாட்டிக் லைப்ரரி (லிங்க் செய்யும்போதே புரோகிராமுக்குள் சேரும் கோட்), 32 பிட், விஷுவல் சி++ 2008 இல் கட்டியது. சோர்ஸ் கோட் இல்லை. பைத்தன் 2.7 க்கும் அதே 2008 ரன்டைம் (சி கோட் ஓடத் தேவையான அடிப்படை ஃபங்ஷன்கள்) என்பதால் இவ்வளவு காலமும் ஓடியது. 3.5 இலிருந்து பைத்தன் யுனிவர்சல் சிஆர்டி என்ற புதிய ரன்டைமுக்குப் போய்விட்டது. விஷுவல் ஸ்டூடியோ 2022 இல் லிங்க் செய்தால் 'ஐஓபி ஃபங்க்' (__iob_func) என்ற ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்கிறது. பழைய லைப்ரரி ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை அதன் வழியாகத்தான் தேடும். புதிய ரன்டைமில் அது இல்லை. பழைய கோடுக்காக மைக்ரோசாஃப்ட் தரும் லெகசி எஸ்டிடிஐஓ லைப்ரரியைச் சேர்த்தும் பயனில்லை.

சரி என்று அந்தப் பெயரில் நானே ஒரு ஃபங்ஷன் எழுதினேன். பில்ட் ஆனது, ஆனால் முதல் எரர் மெசேஜ் எழுதும்போதே விழுந்தது. புதிய ரன்டைமில் ஃபைல் ஸ்ட்ரக்சரே (திறந்த ஃபைலின் விவரத்தை மெமரியில் வைக்கும் அமைப்பு) மாறிவிட்டதே, விழாமல் என்ன செய்யும்!

இப்போதைய யோசனை: 2008 கொம்பைலரிலேயே சின்ன டிஎல்எல் (ஓடும்போது ஏற்றும் தனி லைப்ரரி ஃபைல்) ஒன்று கட்டி, 32 பிட் பைத்தனில் சிடைப்ஸ் (டிஎல்எல்லைக் கூப்பிடும் பைத்தன் மொட்யூல்) மூலம் கூப்பிடுவது. மெமரியை எடுத்த பக்கமே விடுவிக்கும், ஃபைல் பாயிண்டர் எதுவும் டிஎல்எல்லுக்கும் பைத்தனுக்கும் இடையிலான எல்லையைத் தாண்டாது. மேனிஃபெஸ்ட்டை (எந்த ரன்டைம் வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பு) டிஎல்எல்லுக்குள் வைத்தால் போதுமா, கடைக் கணினியில் 2008 ரீடிஸ்ட்ரிபியூட்டபிளும் (அந்த ரன்டைமை நிறுவும் பேக்கேஜ்) போட வேண்டுமா? இல்லை, தராசைத் தனி புரொசஸாக ஓடவிடுவதுதான் நல்லதா?

ஆவணியில் கல்யாண வியாபாரம் தொடங்கினால் முதலாளி கணினியைத் தொடவே விடமாட்டார்.