சமோவாவின் நிதானம் எதன்மேல் நிற்கிறது?

தாழைமடல் (கேள்வி):
பசிபிக் பெருங்கடலின் தீவு நாடான சமோவாவைப் பற்றி நான் வாசித்த பயணக் கட்டுரைகள் அனைத்தும் தென்னை நிழல், பாட்டு, அவசரம் அறியாத மக்கள் என்று ஒரே சித்திரத்தைத் தீட்டுகின்றன. ஏறத்தாழ 2 லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் ஓராண்டு பணியாற்றும் வாய்ப்பு என் கணவருக்கு வந்திருக்கிறது. குழந்தைகளுடன் போக விரும்புகிறோம். அந்த நிதானம் மக்களின் அன்றாட வாழ்க்கையிலேயே ஊறியதா, அல்லது கடற்கரை விடுதிகளோடு நின்றுவிடும் தோற்றமா? அங்கு வாழ்ந்தவர்களும் சமோவா மக்களுடன் பழகியவர்களும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கடலோடி:
அம்மா, அங்குள்ள சவாயி தீவின் ஒரு கிராமத்தில் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த நிதானம் உண்மையானது; அதற்கு முதற்காரணம் நிலம் என்பது என் உறுதியான கருத்து. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குடும்பங்களுக்குப் பொதுவான மரபுவழி நிலமாகவே இருக்கிறது. அதை விற்க அரசியலமைப்பே இடம் தருவதில்லை. குடும்பத்தின் சார்பில் அதை நிர்வகிப்பவர் 'மத்தாய்' என்ற பட்டம் தாங்கிய தலைவர். வேலை போனாலும் சேம்பு நடுவதற்கு ஒரு துண்டு மண்ணும் படுப்பதற்கு ஒரு கூரையும் நிச்சயம் உண்டு என்று அறிந்தவரின் முகத்தில் தெரியும் அமைதியை நான் நாள்தோறும் கண்டேன்.

அதற்காக அங்கு யாரும் சும்மா இருப்பதில்லை. ஞாயிறு விடியலில் 'ஊமு' அடுப்பு மூட்டும் இளைஞர்களைப் பாருங்கள். எரிமலைக் கற்களைச் சிவக்கக் காய்ச்சுவதற்குள் ஒருவர் பல்வைத்த இரும்பு பொருத்திய மணையில் அமர்ந்து தேங்காய் துருவுகிறார். இன்னொருவர் துருவலை நாரில் பொதிந்து முறுக்கித் தண்ணீர் சேர்க்காத கெட்டிப் பாலைப் பிழிகிறார். இளம் சேம்பிலைகளை உள்ளங்கையில் கிண்ணம்போல் குவித்து, அந்தப் பாலை வெங்காயத்துடன் ஊற்றி மடித்தால் அதுதான் 'பலுசாமி'. அதனுடன் ஈரப்பலாவும் பச்சை வாழைக்காயும் மீனும் கற்களின்மேல் அடுக்கப்பட்டு, வாழையிலைகளால் மூடப்படும். தேவாலயத்திலிருந்து வெண்ணிற ஆடையில் குடும்பம் திரும்பும்போது சாப்பாடு தயாராக இருக்கும். முதலில் பெரியவர்களுக்கும் விருந்தினருக்கும் பரிமாறிவிட்டு, சமைத்த பிள்ளைகள் கடைசியாகத்தான் உண்பார்கள்.

மெல்லினம்:
நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பல சமோவாக் குடும்பங்களுக்கு அருகில் வாழ்கிறேன். கடலோடி ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இதன் சுமையையும் சொல்ல வேண்டும். திருமணம், மரணம், பட்டமேற்பு, தேவாலயக் கட்டடம் என்று எது வந்தாலும் உறவினர் அனைவரும் பணமும் பொருளும் கொடுத்தாக வேண்டும். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் தொழிற்சாலைகளிலும் பழத்தோட்டங்களிலும் உழைப்பவர்கள் அனுப்பும் பணம் இல்லாமல் அந்த நாட்டின் பொருளாதாரம் நகராது. என் அண்டை வீட்டுப் பெண்மணி இரவுப்பணி முடித்துவந்து, தூங்குவதற்கு முன் ஊருக்குப் பணம் அனுப்புவார். அவருடைய பெற்றோரின் நிதானத்தில் அவருடைய உழைப்பும் சேர்ந்திருக்கிறது.

அந்தக் கட்டுப்பாட்டின் உயர்ந்த பக்கத்தையும் மதிக்கிறேன். பெருங்குற்றம் நேர்ந்தால், குற்றம் செய்தவரின் உறவினர்கள் விடியுமுன் பாதிக்கப்பட்டவரின் வீட்டு வாசலில் தலைகுனிந்து அமர்கிறார்கள். அவர்களின் தலைவர் தாழையோலையில் நெய்த நுண்பாயால் தம்மை மூடிக்கொள்கிறார். வீட்டார் வந்து அந்தப் பாயை விலக்கினால் மன்னிப்பு ஏற்கப்பட்டதாகப் பொருள். நெய்து முடிக்க மாதங்களும் சில சமயம் ஆண்டுகளும் பிடிக்கும் அந்தப் பாய்க்கலை 2019-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. சமோவா நியூசிலாந்தின் ஆட்சியில் இருந்த காலத்தில், 1918-இல் 'தலூன்' கப்பல் கொண்டுவந்த காய்ச்சலில் மக்களில் ஐந்திலொரு பங்கினர் மாண்டதற்கும், 1929-இல் அமைதியாக ஊர்வலம் சென்ற 'மாவு' என்னும் விடுதலை இயக்கத்தினர்மேல் துப்பாக்கிச் சூடு நடந்ததற்கும் 2002-இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவாவின் தலைநகர் ஆப்பியாவுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார்.

தாழைமடல்:
இருவருக்கும் மிக்க நன்றி. அலுவலகங்களிலும் எல்லாம் மெதுவாகத்தான் நடக்குமா என்று என் கணவர் கேட்கிறார்.

கடலோடி:
கூட்டங்கள் மெதுவாகத் தொடங்கும், ஏனெனில் முதலில் வணக்கவுரையும் பிரார்த்தனையும் முறைப்படி நடக்க வேண்டும். ஆனால் முடிவெடுத்துவிட்டால் தயங்கமாட்டார்கள். 2009 செப்டம்பர் 7 அன்று நாடு முழுவதும் வாகனங்களைச் சாலையின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றின் வேலைநாள்களோடு ஒத்துப்போவதற்காக 2011 டிசம்பர் 30-ஐ நாள்காட்டியிலிருந்தே நீக்கி, வியாழனுக்கு அடுத்து நேராகச் சனிக்கிழமைக்குச் சென்றார்கள்.

குழந்தைகளுக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்தி சாயும் நேரத்தில் சங்கோ மணியோ ஒலித்தால் கிராமத்தில் 'ஸா' என்னும் பிரார்த்தனை வேளை தொடங்கிவிட்டது என்று அறியலாம். அப்போது யாரும் தெருவில் நடமாடக் கூடாது. பல ஊர்களில் ஆண்கள் சாலையோரம் நின்று காவல் காப்பார்கள். சுவரில்லாத வீடுகளிலிருந்து பாட்டு எழும். கால் மணி நேரத்துக்குள் அது முடிந்து, பிள்ளைகள் மறுபடியும் விளையாட ஓடிவந்துவிடுவார்கள். வெளியே மாட்டிக்கொண்டால் நின்ற இடத்திலேயே அமர்ந்துகொள்வது நல்லது. பெரும்பாலும் பக்கத்து வீட்டார் உங்களை உள்ளே அழைத்துப் பாய் விரித்துவிடுவார்கள்.