கான்டெசாவுக்கு முன்னால் ஒல்லி டயர்: டிராக்கும் ஓட வேண்டும், ஏற்காடும் ஏற வேண்டும்

கான்டெசா_சேலம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது பழைய கான்டெசா, இசுசு 1.8 பெட்ரோல் எஞ்சின், டர்போ போட்டது. டிராக் (drag, அதாவது 402 மீட்டர் நேர்ப்பாதை வேகப் போட்டி) நாள் அறிவித்தால் கோவை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓட்டிக்கொண்டே போவேன், டிரெய்லரில் ஏற்றும் வசதி எனக்கு இல்லை. மற்ற நாளெல்லாம் இதே வண்டிதான் அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து ரோடு, ஓமலூர் ரோடு என்று வேலைக்கு ஓடுகிறது, அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஏற்காடும் போகிறது.

இப்போது பின்னால் 205 அகல ரேடியல், முன்னால் 175/70 ஆர்13 (அகலம் 175 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 13 அங்குலம்). முன்பக்கத்தை ஒல்லியாக்கினால் உருளும் தடை குறையும், சுற்றும் எடையும் குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 402 மீட்டர் முடிவில் வண்டி 140-ஐத் தொடுகிறது. மூன்று வழி யோசித்து வைத்திருக்கிறேன்: வெளிநாட்டு டிராக் டயர் வரவழைப்பது, ஆல்டோவுக்குப் போடுகிற மாதிரி 145 டயர், இல்லையென்றால் பெரிய கார்களில் வருகிற ஒல்லி ஸ்டெப்னி இரண்டு வாங்கி முன்னால் மாட்டுவது. கடைசி வழிதான் காசு குறைவு, பார்க்கவும் அசல் டிராக் கார் மாதிரியே இருக்கும். பாதுகாப்பாகவும் இருக்க வேண்டும், கட்டுபடியாகவும் வேண்டும். எதை எடுக்கலாம்?

ரப்பர்மணம் எழுதியது:

தம்பி, டயர் வியாபாரத்தில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஸ்டெப்னி யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். அதன் பக்கவாட்டிலும் ரிம்மிலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதே என்று பெரிய எழுத்தில் போட்டே விற்கிறார்கள். பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. காற்று வைக்க வேண்டிய டயர் அது. பட்டன், அதாவது தரையில் படுகிற ரப்பர் வரிகளின் ஆழமும் சாதாரண டயரை விடக் குறைவு, பஞ்சர் கடை வரை போய்ச் சேர்வதற்காகவே செய்தது. நீங்கள் 140-ல் போய் அதை வைத்துப் பிரேக் பிடிக்கப் போகிறேன் என்கிறீர்கள். 80-ல் இருக்கிற வண்டியை நிறுத்துவதற்கும் 140-ல் இருக்கிற வண்டியை நிறுத்துவதற்கும் மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கிறது, அந்தச் சக்தி முழுக்கப் பிரேக்கும் டயரும்தான் தாங்கியாக வேண்டும், அதிலும் பெரும்பங்கு முன்பக்கத்துக்கு. போதாததற்கு, வேறு கார் ரிம்மை உங்கள் ஹப்பில் உட்கார வைக்க அடாப்டர் போட வேண்டிவரும், அது இன்னொரு வம்பு.

வெளிநாட்டு டயர் விஷயம். மிக்கி தாம்சன் போன்ற கம்பெனிகளின் முன்பக்க டயரில் இரண்டு ரகம் உண்டு. ஸ்போர்ட்ஸ்மேன் எஸ்ஆர் மாதிரி ரோட்டுக்கு அனுமதி உள்ளது ஒன்று, ஈடி ஃப்ரன்ட் மாதிரி டிராக்குக்கு மட்டும் என்று செய்தது இன்னொன்று. இரண்டாவது ரகத்தை ரோட்டில் ஓட்டவே கூடாது. முதல் ரகம் நல்ல டயர்தான், ஆனால் பெரும்பாலும் 15 அங்குல ரிம்முக்கு, 26 அங்குல உயரத்தில் வரும், அதாவது 660 மி.மீ. உங்கள் 175/70 ஆர்13 உயரம் 575 மி.மீ.தான். மூக்கு நாலு சென்டிமீட்டருக்கு மேல் தூக்கிக்கொள்ளும், ஃபெண்டரிலும் உரசலாம். புது ரிம், கப்பல் செலவு, வரி எல்லாம் கூட்டிப் பாருங்கள், அந்தக் காசில் இங்கேயே நாலு டயரும் வாங்கி அலைன்மென்டும் பார்த்துவிடலாம்.

மீதி இருப்பது நம்மூர் சின்ன கார் ரேடியல். அதைப் பற்றிப் பேச ஒரு தகவல் வேண்டும்: உங்கள் வண்டியின் முன் அச்சு எடை எவ்வளவு? எடை மேடையில் முன் சக்கரம் இரண்டை மட்டும் ஏற்றி, நீங்கள் சீட்டில் உட்கார்ந்தபடி எடைச் சீட்டு ஒன்று வாங்கி, அதிலுள்ள எண்ணை இங்கே போடுங்கள்.

மேட்டூர்_ஸ்விஃப்ட் எழுதியது:

இடையில் ஒரு சந்தேகம். நானும் ஸ்விஃப்ட்டில் முன்னால் ஒல்லி டயர் போடலாம் என்று இருந்தேன். வேகம் கூடுமா?

ரப்பர்மணம் எழுதியது:

கூடாது நண்பா, குறையும். உங்கள் வண்டியை இழுப்பதே முன் சக்கரம்தான். கான்டெசா, அம்பாசிடர், பத்மினி மாதிரி பின் சக்கரம் தள்ளுகிற வண்டிக்குத்தான் இந்தப் பேச்சு. அதற்காகப் பின்னால் ஒல்லி போடவும் கிளம்பாதீர்கள், மழையில் பின்பக்கம் சுற்றிக்கொண்டு போய்விடும்.

கான்டெசா_சேலம் எழுதியது:

செவ்வாய்ப்பேட்டை எடை மேடையில் போட்டுப் பார்த்தேன். நான் உட்கார்ந்த நிலையில் முன் அச்சு மட்டும் 690 கிலோ. டர்போ, இன்டர்கூலர் எல்லாம் முன்னாலேயே இருக்கிறது.

ரப்பர்மணம் எழுதியது:

நல்லது, இப்போது கணக்கு தெளிவாகிவிடும். ஒரு சக்கரத்துக்கு 345 கிலோ, வண்டி சும்மா நிற்கும்போது. டயரில் அளவுக்குப் பக்கத்தில் 75 டி, 79 டி என்று இருக்கும் பாருங்கள். அந்த எண் பாரம், எழுத்து வேகம். 75 என்றால் 387 கிலோ, 79 என்றால் 437 கிலோ. டி என்பது 190 கி.மீ. வரை, அது உங்களுக்குத் தாராளம்.

145/80 ஆர்13 டயர் 75-ல் வரும். 345-க்கும் 387-க்கும் நடுவில் 42 கிலோதான் மிச்சம். பக்கத்து சீட்டில் ஆள் ஏறினாலே பாதி போய்விடும். 155/80 ஆர்13 எடுத்தால் 79, அதாவது 92 கிலோ மிச்சம். உயரமும் 578 மி.மீ., இப்போது இருப்பதற்கு 3 மி.மீ.தான் வித்தியாசம், வண்டி நிற்கிற நிலை மாறாது. ஆகவே என் ஓட்டு 155/80-க்கு. இன்னொன்று, 437 கிலோ தாங்கும் என்பது 36 பி.எஸ்.ஐ. காற்றில் சொல்கிற கணக்கு. 26, 28 என்று வைத்து ஓட்டினால் அந்தத் தாங்கும் சக்தி இருக்காது. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். மத்தியானம் சேலத்து வெயிலில் ஓடி வந்து நின்றபின் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

ரிம் அகலத்தையும் பாருங்கள். 155 டயருக்கு நாலு முதல் ஐந்தரை அங்குலம் வரை பொருந்தும். ஆறு அங்குல அலாயில் இழுத்து மாட்டினால் ஓரம் சரியாக உட்காராது. டயரில் மிச்சமாகிற எடை ரொம்பக் கொஞ்சம்தான், உண்மையிலேயே எடை குறைய வேண்டுமென்றால் லேசான ரிம்மில் காசு போடுங்கள்.

அடிவாரம்_கொண்டையூசி எழுதியது:

டயர் அண்ணன் சொன்னதோடு மலை விஷயத்தை நான் சேர்க்கிறேன், தினமும் ஏற்காடு ஏறி இறங்குகிறவன். 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது ஆள் நிறைந்த வண்டி, மூக்கு கீழே பார்க்கிறது, பிரேக்கும் பிடித்து ஸ்டியரிங்கும் ஒடிக்கிறோம், அப்போது வெளிப்பக்க முன் டயர் ஒன்றின் மேல்தான் அத்தனையும் வந்து உட்காரும். அகலம் குறைந்த டயர் அந்த இடத்தில் திரும்ப மாட்டேன் என்று நேராக வழுக்கும், எதிரில் பஸ் வளைவை முழுக்க அடைத்துக்கொண்டு வரும். எண்பது சீரிஸ் டயருக்குப் பக்கச்சுவர் உயரம் வேறு, ஸ்டியரிங் ஒடித்ததற்கும் மூக்கு திரும்புவதற்கும் நடுவில் ஒரு சின்னத் தாமதம் இருக்கும். இரண்டாவது கியரில் போட்டு எஞ்சின் பிடிப்பிலேயே இறங்குங்கள்.

என்னைக் கேட்டால் இந்த 175-ஐ விற்காதீர்கள். வீட்டு ஆட்களோடு மலைக்குப் போகிற அன்று அதையே மாட்டிக்கொண்டு போங்கள். ஜாக்கி வைத்து இரண்டு வீல் மாற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

கான்டெசா_சேலம் எழுதியது:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. 155/80 என்று முடிவு செய்துவிட்டேன், 175-ஐ ரிம்மோடு வைத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு கேள்வி. பின்னால் டிராக் அன்றைக்கு மட்டும் ஒருவர் தன் பழைய ஸ்லிக் (பட்டன் இல்லாத வழவழப்பான) டயர் தருகிறேன் என்கிறார், உள்ளே இழை நேர்க்குறுக்காக ஓடுகிற ரேடியல் இல்லை, சாய்வாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நைலான் கட்டுமானம். முன்னால் இந்த ரேடியலோடு போடலாமா? அப்புறம் பழைய டயர் கடையில் 155 ஜோடி பாதி விலைக்கு இருக்கிறது, எடுக்கலாமா?

ரப்பர்மணம் எழுதியது:

முன்னால் ரேடியல், பின்னால் நைலான், இந்த ஜோடி மட்டும் வேண்டவே வேண்டாம். நைலான் பின் டயர் வேகத்தில் பக்கவாட்டில் நெளியும், முன் ரேடியல் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், 120-க்கு மேல் பின்பக்கம் ஆட ஆரம்பித்தால் பிடித்து நிறுத்துவது கஷ்டம். முன்னும் பின்னும் ஒரே ரகமாக இருக்கட்டும். பின்னால் பிடிப்பு கூட வேண்டுமென்றால் ரேடியல் கட்டுமானத்திலேயே டிராக் டயர் கிடைக்கிறது, காசு சேர்ந்தபின் அதற்குப் போங்கள்.

பழைய டயர் முன்னால் வேண்டாம், ரீட்ரேட் செய்தது (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது) அறவே வேண்டாம். புதிது என்று கடைக்காரர் கொடுப்பதிலும் தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். இரண்டு டயரும் ஒரே கம்பெனி, ஒரே பட்டன். மாட்டியதும் பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் பார்த்துவிடுங்கள், அகலம் குறைந்த டயரில் டோ (முன் சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கிற கோணம்) கொஞ்சம் தப்பினாலும் ஸ்டியரிங் அலையும்.

அடிவாரம்_கொண்டையூசி எழுதியது:

புது டயர் போட்டவுடன் சோதித்துப் பார்க்கிறேன் என்று ராத்திரி ஓமலூர் பைபாஸில் இறக்கிவிடாதீர்கள் தம்பி. லாரி போகிற ரோடு, ரோட்டில் பந்தயம், வேகச் சோதனை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் வழக்கும் வரும், இன்சூரன்ஸும் கைவிரித்துவிடும். முதல் இருநூறு கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டி மேல்பூச்சு தேயட்டும், வீல் நட்டை ஒருமுறை திரும்ப முறுக்கிவிட்டு அப்புறம் கோவைக்குக் கிளம்புங்கள்.